குழந்தை டிவி பார்க்கிறது, சரி. கற்கிறதா?

ஆறு மாதக் குழந்தை திரையைக் கண்கொட்டாமல் பார்க்கிறது என்பதை வைத்து, அது ஏதோ கற்றுக்கொள்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறோம். மழலையர் நிகழ்ச்சிகளைச் சுற்றி நடக்கும் வியாபாரத்தில் பாதி இந்த ஒரு முடிவின் மேல்தான் நிற்கிறது. திரையில் வெளிச்சம் மாறுகிறது, உருவம் நகர்கிறது, திடீரென்று ஒரு சத்தம் கேட்கிறது. இவற்றில் எது நடந்தாலும் கைக்குழந்தையின் தலை தானாகத் திரும்பும். கதவு படீரென்று சாத்தினால் திரும்புவதும் இதே அனிச்சைச் செயல்தான்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். குழந்தைகளும் டிவியும் என்ற துறையில் பல பத்தாண்டுகள் உழைத்த உளவியலாளர் டேனியல் ஆண்டர்சனும் அவருடைய குழுவினரும், டெலிடபீஸ் என்ற மழலையர் டிவி நிகழ்ச்சியை வேண்டுமென்றே கெடுத்தார்கள். ஒரு வடிவத்தில் காட்சிகளின் வரிசையைக் கலைத்துப் போட்டார்கள். இன்னொன்றில் பேச்சைத் தலைகீழாக, பின்னிருந்து முன்னாக ஓடவிட்டார்கள். 18 மாதக் குழந்தைகளும் 24 மாதக் குழந்தைகளும் கெடுத்த வடிவத்தைக் குறைவாகப் பார்த்தன; அதில் ஏதோ சரியில்லை என்று அவற்றுக்குப் பிடிபட்டது. 6 மாதக் குழந்தைகளுக்கும் 12 மாதக் குழந்தைகளுக்கும் எல்லாம் ஒன்றுதான். உளறலையும் அதே ஈடுபாட்டோடு பார்த்தன. 2010இல் வெளிவந்த இந்த ஆய்வைப் படித்த பிறகு, ‘ஆறு மாதம் முதல்’ என்று முகப்பில் போட்ட கல்வி வீடியோவை நம்புவது கஷ்டம்.

அதே ஆண்டு உளவியலாளர் ஜூடி டிலோச் குழுவினர், அப்போது நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஒரு குழந்தைகள் டிவிடியை எடுத்து, 12 முதல் 18 மாதம் வரையிலான குழந்தைகளிடம் நான்கு வாரம் சோதித்தார்கள். சில வீடுகளில் குழந்தை தனியாகப் பார்த்தது, சில வீடுகளில் பெற்றோரோடு பார்த்தது. மூன்றாவது குழுவுக்கு வீடியோவே இல்லை. அதிலுள்ள சொற்களின் பட்டியலை மட்டும் பெற்றோரிடம் கொடுத்து, ‘அன்றாட வேலைகளுக்கு நடுவே, உங்களுக்குத் தோன்றியபடி சொல்லிக் கொடுங்கள்’ என்றார்கள். நான்காவது குழுவுக்கு எதுவும் இல்லை. அதிகம் கற்றவை மூன்றாவது குழுக் குழந்தைகள். வீடியோ பார்த்த இரண்டு குழுக்களும் ஒன்றுமே செய்யாத நான்காவது குழுவைத் தாண்டவில்லை. இதில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இன்னொரு முடிவு: எந்தப் பெற்றோருக்கு அந்த வீடியோ ரொம்பப் பிடித்ததோ, அவர்கள்தான் தங்கள் குழந்தை நிறையக் கற்றதாகக் கணித்தார்கள். வீடியோக்களுக்குக் கீழே பெற்றோர் எழுதும் பாராட்டுரைகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வேற்றுமொழி விஷயத்தில் இன்னும் தெளிவான சோதனை ஒன்று உண்டு. 2003இல் பாட்ரிஷியா குல் குழுவினர், ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் 9 மாதக் குழந்தைகளுக்கு, சீன மாண்டரின் மொழி பேசுபவர்களைக் கொண்டு 12 அமர்வுகள் நடத்தினார்கள். ஒவ்வொன்றும் 25 நிமிடம். தரையில் உட்கார்ந்து புத்தகம் படிப்பது, பொம்மை வைத்து விளையாடுவது, அவ்வளவுதான். அந்தக் குழந்தைகள் மாண்டரினின் ஒலி வேறுபாடுகளைப் பிரித்தறியும் திறனைப் பெற்றன. அதே ஆட்கள், அதே புத்தகங்கள், அதே நேர அளவு, ஆனால் டிவியில் என்று மாற்றியபோது பலன் பூஜ்யம். ஒலி மட்டும் கேட்ட குழுவுக்கும் அதே கதிதான். ஆங்கிலம் காதில் விழட்டுமே என்று ஒரு வயதுக் குழந்தைக்கு நாள் முழுக்க ரைம்ஸ் ஓடவிடும் வீடுகளுக்கு இது நேரடியான பதில்.

திரையில் ஏன் இது நடப்பதில்லை? ஜார்ஜீன் ட்ரோசெத்தும் டிலோச்சும் செய்த ஒரு சோதனை காரணத்தைக் கோடிகாட்டுகிறது. ஓர் அறையில் பொம்மையை ஒளித்துவைப்பதைக் குழந்தை ஜன்னல் வழியாகப் பார்க்கிறது. பிறகு உள்ளே போய்த் தேடச் சொன்னால், இரண்டு வயதுக் குழந்தை நேராகப் போய் எடுத்துவிடும். அதே காட்சியை டிவியில் காட்டினால் இரண்டு வயதுக் குழந்தை பெரும்பாலும் தடுமாறும். இரண்டரை வயதுக் குழந்தை கண்டுபிடித்துவிடும். அடுத்து ஒரு தந்திரம் செய்தார்கள். டிவியை ஜன்னலுக்குப் பின்னால் மறைத்துவைத்து, ஜன்னல் வழியே நேரில் பார்ப்பதாகக் குழந்தையை நம்பவைத்தார்கள். இரண்டு வயதுக் குழந்தைகளும் முன்னைவிட நன்றாகத் தேடின. கண் பார்த்தது இரண்டு முறையும் ஒன்றையேதான். டிவியில் தெரிவது தன் உலகத்தைச் சேர்ந்த செய்தி என்று அந்த வயதுக் குழந்தை எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் சிக்கல்.

நேரில் கற்பதற்கும் வீடியோவில் கற்பதற்கும் இடையிலான இந்தப் பள்ளம் ஏறத்தாழ 12 மாதத்திலிருந்து 30 மாதம் வரை ஆழமாக இருக்கிறது. அதைக் குறைக்கும் வழிகள் சில உண்டு. ஒன்று, திரும்பத் திரும்பக் காட்டுவது: ஒரு செயலை வீடியோவில் இரண்டு மடங்கு தடவை காட்டினால், நேரில் பார்த்த குழந்தைக்கு ஈடாக வீடியோ பார்த்த குழந்தையும் செய்துகாட்டுகிறது என்று ரேச்சல் பார் குழுவினரின் சோதனைகள் காட்டின. இன்னொன்று பழகிய முகம். 21 மாதக் குழந்தைகளுக்குக் கிண்ணங்களை அளவுப்படி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் வேலையை வீடியோவில் காட்டியபோது, டிவியில் பார்த்துப் பழகிய எல்மோ என்ற பொம்மைப் பாத்திரம் செய்துகாட்டினால் கற்றன. முன்பின் பார்த்திராத பொம்மை செய்தால் அவ்வளவாகக் கற்கவில்லை.

மூன்றாவது வழிதான் வலுவானது: திரையில் இருப்பவர் குழந்தைக்குப் பதில் சொல்வது. 24 முதல் 30 மாதக் குழந்தைகள் வீடியோ கால் வழியே புதிய வினைச்சொற்களை நேரில் கற்பதுபோலவே கற்றன. பதிவுசெய்த வீடியோவில் கற்கவில்லை. 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மற்றபடி திரையே வேண்டாம் என்று சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம்கூட, 2016 வழிகாட்டுதலில் வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அதிலும் கோளாறுகள் நேரும். பேசுபவர் தன் திரையில் தெரியும் குழந்தையின் முகத்தைப் பார்ப்பார். கேமரா மேலே இருப்பதால் குழந்தைக்கு அவர் பார்வை கீழே தாழ்ந்ததாகத் தெரியும். ‘அங்கே பார்’ என்று அவர் கைநீட்டினால், எந்த அங்கே என்று குழந்தைக்குப் புரியாது. இணைப்பு தாமதமானால் பதில் பிந்தி வரும்; குழந்தை அதற்குள் வேறு பக்கம் போயிருக்கும். அதனால் குழந்தையின் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து, ‘பாட்டி பந்தைக் கேட்கிறாங்க, காட்டு’ என்று நடப்பதை நடக்கும் கணத்திலேயே எடுத்துச்சொல்ல வேண்டும். நீண்ட விசாரிப்பைவிட, முகத்தை மூடித் திறந்து ‘பே’ காட்டும் விளையாட்டு, திரையின் இரு பக்கமும் பொம்மைக்குச் சோறு ஊட்டும் பாவனை என்று ஐந்து நிமிடம் போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அளவு எளிமையானது: ஒரு வயதுக்குள் திரை வேண்டாம், ஒரு வயதிலும் வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது. நடைமுறையில் குளிக்கவும் அடுப்பைப் பார்க்கவும் பெரியவருக்குக் கால் மணி நேரம் தேவைப்படும். அதற்காகத் திரையைப் போடுவது குற்றமல்ல. அதைப் படிப்புக் கணக்கில் எழுதாமல் இருந்தால் சரி.

இதைவிடக் கவனிக்க வேண்டியது, யாருமே பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவி. 12, 24, 36 மாதக் குழந்தைகள் பொம்மைகளோடு விளையாடும்போது பின்னணியில் பெரியவர்களுக்கான விநாடிவினா நிகழ்ச்சியை ஓடவிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். குழந்தைகள் திரையைப் பார்த்தது அவ்வப்போது சில விநாடிகள்தான். ஆனாலும் ஒரே பொம்மையோடு தொடர்ந்து விளையாடும் நேரம் குறுகியது, ஆழ்ந்து விளையாடுவதும் குறைந்தது. பெற்றோரை வைத்துச் செய்த ஆய்வில், அவர்கள் குழந்தையிடம் பேசுவதும் குறைந்தது. செய்தி சேனலை ஓடவிட்டுக்கொண்டே குழந்தைக்குக் ‘கல்வி நிகழ்ச்சி’ ஒரு மணி நேரம் என்று கணக்குப் பார்ப்பதில் அர்த்தமில்லை. யாரும் உட்கார்ந்து பார்க்காதபோது அணைத்துவையுங்கள். இந்தக் கட்டுரையில் செலவே இல்லாத யோசனை இதுதான்.

இரண்டரை வயதுக்கு மேல் கதை மாறுகிறது. இந்த வயதிலிருந்து நல்ல நிகழ்ச்சி உண்மையிலேயே கற்றுத்தருகிறது, அதற்குச் சான்றும் திடமாக இருக்கிறது. செசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க டிவி நிகழ்ச்சி 1969 நவம்பர் 10 அன்று தொடங்கியது; மூன்று முதல் ஐந்து வயதுக்காரர்களுக்கானது. அப்போது அமெரிக்காவில் சில ஊர்களுக்கு அதன் அலைவரிசை தெளிவாகக் கிடைத்தது, சில ஊர்களுக்குக் கிடைக்கவில்லை. மெலிசா கியர்னி, ஃபிலிப் லெவைன் என்ற பொருளியலாளர்கள் பல பத்தாண்டுகள் கழித்து இந்த வேறுபாட்டையே இயற்கையான சோதனையாக எடுத்துக்கொண்டார்கள். தெளிவாகக் கிடைத்த ஊர்களில், பள்ளி சேரும் முன் அதைப் பார்க்க வாய்ப்பிருந்த குழந்தைகள் வயதுக்கேற்ற வகுப்பில் பின்தங்காமல் இருப்பது கூடியிருந்தது. வசதி குறைந்த பகுதிகளில் அந்தப் பலன் அதிகம் தெரிந்தது.

அந்த நிகழ்ச்சி எப்படிச் செய்யப்பட்டது என்பதில் இன்றும் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. ஜோன் கன்ஸ் கூனியும் லாயிட் மாரிசெட்டும் தொடங்கிய அமைப்பில் எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். ஆய்வுப் பிரிவுத் தலைவர் எட்வர்ட் பால்மர் ஒரு சோதனை வகுத்தார். குழந்தையை டிவி முன் உட்காரவைத்து, பக்கத்தில் இன்னொரு திரையில் ஏழரை விநாடிக்கு ஒரு முறை மாறும் ஸ்லைடு படங்களை ஓடவிடுவது. எந்த நொடியில் குழந்தையின் கண் அந்தப் பக்கம் போகிறதோ, அங்கே நிகழ்ச்சி தொய்கிறது என்று குறித்துக்கொள்வது. ஒளிபரப்புக்கு முன் 1969 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவில் சோதனை எபிசோட்களைக் காட்டியபோது, பொம்மைகள் வரும் பகுதிகளில் ஒட்டியிருந்த கண்கள், மனிதர்கள் மட்டும் பேசும் தெருக் காட்சிகளில் விலகின. கற்பனையையும் நிஜத்தையும் கலந்தால் குழந்தைகள் குழம்புவார்கள் என்று நிபுணர்கள் சொன்னதால்தான் இரண்டையும் பிரித்துவைத்திருந்தார்கள். அந்த அறிவுரையை ஓரம்கட்டிவிட்டு, மனிதர்களோடு தெருவில் நடமாட பிக் பேர்ட், ஆஸ்கர் என்ற பொம்மைப் பாத்திரங்களை உருவாக்கினார்கள்.

நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் ஆங்கில அகரவரிசையை மிக மெதுவாக, ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவே நீண்ட இடைவெளி விட்டுச் சொல்லும் ஒரு துணுக்கும் அதில் இருந்தது. எழுத்து முதலில் திரையில் தோன்றும், சற்றுப் பொறுத்து அவர் சொல்வார். முதல் தடவை பார்க்கும் குழந்தை அவர் சொன்ன பிறகு சொல்லும். சில தடவை கழித்து, எழுத்து தோன்றியதும் அவருக்கு முன்பே சொல்லும். இன்னும் சில தடவை போனால், எழுத்து தோன்றும் முன்பே அடுத்தது எது என்று சொல்லிவிடும். கற்பது நம் கண்முன் நடப்பது என்றால் இதுதான். அதை நடத்தியது அந்த வெறும் இடைவெளி.

1996இல் வந்த ப்ளூஸ் க்ளூஸ் என்ற மழலையர் நிகழ்ச்சி இந்த இடைவெளியையே நிகழ்ச்சியின் முதுகெலும்பாக்கியது. தொகுப்பாளர் கேமராவைப் பார்த்துக் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பெரியவர்களுக்கு அந்த மௌனம் அசட்டுத்தனமாகத் தெரியும். மூன்று வயதுக் குழந்தைக்கு கேள்வியை உள்வாங்கி, பதிலைத் தேடி, வாய்திறக்க அந்த நேரம் தேவை. ஒரே எபிசோடைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் ஒளிபரப்பினார்கள். ஐந்து முறை பார்த்த குழந்தைகளுக்குப் புரிதல் கூடியது, திரையைப் பார்த்துப் பதில் சொல்வதும் கைகாட்டுவதும் கூடிக்கொண்டே போனது. குழந்தை ஒரே எபிசோடைத் திரும்பக் கேட்கும்போது, ‘புதுசு பார்க்கலாமே’ என்று நாம் மாற்றுவது அதன் வேலையைப் பாதியில் நிறுத்துவதுதான்.

நல்ல எண்ணத்தோடு செய்த நிகழ்ச்சிகளும் பல இடங்களில் சறுக்குகின்றன. மிகப் பரவலான சறுக்கல், பாடம் கதைக்கு வெளியே நிற்பது. கதாநாயகன் காட்டில் வழிதேடி ஓடுகிறான், நடுவே கதையை நிறுத்தி ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணுகிறான், மீண்டும் ஓடுகிறான். குழந்தையின் கவனம் கதையைப் பின்தொடர்வதிலேயே தீர்ந்துவிடும்; எண் நினைவில் நிற்காது. எண்ணினால்தான் பாலத்தைக் கடக்க முடியும், மூன்று பலகை குறைந்தால் விழுவான் என்று கதையே எண்ணிக்கையின் மேல் நின்றால், கதையைப் புரிந்துகொள்ளும் அதே உழைப்பில் எண்ணும் வந்துவிடும். ஆய்வாளர் ஷாலோம் ஃபிஷ் 2000இல் முன்வைத்த கோட்பாட்டின் சாரம் இது. ஒரு நிகழ்ச்சியை எடைபோட எனக்குத் தெரிந்த சிறந்த கேள்வியும் இதுவே: பாடத்தை வெட்டி எடுத்தால் கதை நிற்குமா? நின்றால், அந்தப் பாடம் வெறும் ஒட்டு.

நீதிபோதனையில் சறுக்கல் இன்னும் வேடிக்கையாக இருக்கும். மூன்று கால் நாய் ஒன்று வரும் கார்ட்டூன் எபிசோடை ஐந்து வயதை ஒட்டிய குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு, இதில் என்ன கற்றீர்கள் என்று கேட்டால், மூன்று கால் நாய்களிடம் அன்பாக இருக்க வேண்டும் என்றுதான் பலரும் சொன்னார்கள். வேறுபட்டவர்களை ஏற்றுக்கொள் என்ற பொதுமை அவர்களுக்கு எட்டவில்லை. முக்கால்வாசி நேரம் சண்டை, கேலி, கடைசி ஒரு நிமிடத்தில் மன்னிப்பு என்று அமைந்த எபிசோடில் குழந்தையிடம் தங்குவது அந்த முக்கால்வாசிதான். செசமி ஸ்ட்ரீட்டே 1992இல் பெற்றோர் மணவிலக்குப் பற்றி ஓர் எபிசோடை எடுத்துச் சோதித்தது. பார்த்த குழந்தைகள், அம்மாவும் அப்பாவும் வாக்குவாதம் செய்தாலே பிரிந்துவிடுவார்கள் என்று புரிந்துகொண்டு கலங்கின. எடுத்துமுடித்த எபிசோடை ஒளிபரப்பாமலே வைத்துவிட்டார்கள். இன்று வாரம் ஒரு டஜன் வீடியோ ஏற்றும் சேனல்களில் எத்தனை பேர் ஒரு குழந்தையிடமாவது காட்டிப் பார்க்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

எழுத்துகளைத் திரையின் அடியில் போட்டு, மேலே பொம்மையை ஆடவிட்டால் கண் பொம்மையின் முகத்தில்தான் இருக்கும். எழுத்து திரையின் நடுவில் வர வேண்டும், அசைவது அதுவாக இருக்க வேண்டும், மற்றது அப்போது சும்மா நிற்க வேண்டும். ஒரு பொருளின் பெயரைச் சொல்லும்போது அந்தப் பொருள் அந்த நொடியில் திரையில் இருக்கவும் வேண்டும்; பல வீடியோக்களில் ‘யானை’ என்ற சொல் வரும்போது படம் குரங்குக்குப் போயிருக்கும். வேகத்தைப் பற்றி ஒரு சோதனை உண்டு: நான்கு வயதுக் குழந்தைகள் பரபரப்பான, விநோதங்கள் நிறைந்த கார்ட்டூனை 9 நிமிடம் பார்த்த உடனே, பொறுமையும் மனக்கட்டுப்பாடும் வேண்டிய வேலைகளில், படம் வரைந்துகொண்டிருந்த குழந்தைகளைவிடப் பின்தங்கின. காரணம் வேகமா விநோதமா என்பதில் விவாதம் உண்டு. அந்தப் பாதிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று அந்தச் சோதனை அளக்கவும் இல்லை. ஆனால் சாப்பாட்டுக்கோ தூக்கத்துக்கோ முன்னால் எதைப் போடக்கூடாது என்பதற்கு இது போதும்.

ஆகவே ஒரு புதிய நிகழ்ச்சியைக் குழந்தைக்குக் காட்டும் முன் பத்து நிமிடம் நீங்கள் தனியாகப் பாருங்கள். கேள்வி கேட்டால் காத்திருக்கிறதா, அல்லது தானே உடனே பதில் சொல்லிவிடுகிறதா? ஓர் எபிசோடில் ஒரு விஷயமா, அல்லது நிறம், எண், விலங்கு, பழம் என்று எல்லாமா? இசை பேச்சை மூழ்கடிக்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கேளுங்கள்: வாக்கியங்கள் காதில் விழுகின்றனவா, வெறும் கூச்சல்களா?

கூடவே உட்கார்ந்து பார்ப்பது என்றால் கையில் செல்போனோடு பக்கத்தில் இருப்பதல்ல. ஒரு சோதனையில், மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு வீடியோக் கதைகளை இடையிடையே நிறுத்தி, கேள்வி கேட்டு, குழந்தையைக் கதை சொல்லவைக்கப் பழக்கினார்கள். நான்கு வாரத்தில் அந்தக் குழந்தைகளின் சொல்வளமும் கதைப் புரிதலும் மற்றவர்களைவிட உயர்ந்தன. செய்முறை கடினமில்லை. இருபது நிமிட எபிசோடுக்கு மூன்று அல்லது நான்கு நிறுத்தம் போதும். அதற்கு மேல் போனால் குழந்தை ரிமோட்டைப் பிடுங்கும். முதல் நாள் நிறுத்தவே வேண்டாம், கதை முழுதாக ஓடட்டும். அடுத்த நாள் ‘இது என்ன?’ என்று கேளுங்கள். மூன்றாம் நாள் ‘ஏன் அழுகிறான்?’, ‘இப்போ என்ன ஆகும்?’ பதில் தவறானாலும் திருத்த அவசரப்படாமல் அதையே கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்கள். குழந்தை ‘நாய் ஓடுது’ என்றால், ‘ஆமாம், பயந்துபோய் நாய் வேகமா ஓடுது’.

பாடல் வீடியோக்களில் ஏமாறுவது சுலபம். குழந்தை முழுப் பாட்டையும் ஒப்பிக்கும். பொருள் ஒன்றும் தெரியாது. திரையை அணைத்துவிட்டு, பாட்டில் வந்த ஒரு பொருளை வீட்டில் காட்டச் சொல்லுங்கள். ஒன்று முதல் பத்து வரை பாடும் குழந்தையிடம் ‘மூணு ஸ்பூன் எடுத்துட்டு வா’ என்று கேளுங்கள். கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தால், கற்றது ராகம்தான். அதில் தப்பில்லை, ஆனால் எண்ணிக்கையை ஸ்பூனை வைத்துத்தான் சொல்லித்தர வேண்டும்.

கடைசியாக, அணைக்கும்போது வரும் ரகளை. ‘இன்னும் இரண்டு நிமிடம்தான்’ என்று முன்கூட்டியே எச்சரிப்பது உதவும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுள்ள வீடுகளில் பெற்றோரின் நாட்குறிப்புகளை வைத்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த எச்சரிக்கை கொடுத்தபோது அடம் அதிகமாகத்தான் இருந்தது. எபிசோட் தானாக முடிந்த இடத்தில் நிறுத்தியபோதும், ‘சாப்பிட்டதும் ஒன்று, அவ்வளவுதான்’ என்பது தினசரி வழக்கமாக இருந்தபோதும் குழந்தைகள் எளிதாக எழுந்து போயின. எனவே ஆட்டோப்ளேயை முதலில் நிறுத்துங்கள். அது எபிசோடுக்கு முடிவே இல்லாமல் செய்துவிடுகிறது. நேரத்தை நிமிடத்தில் சொல்லாமல் எபிசோடில் சொல்லுங்கள். முன்கூட்டியே பதிவிறக்கி வைத்த ஒரே ஓர் எபிசோட் இன்னும் வசதி: முடிந்ததும் அடுத்ததாக ஓட அங்கே எதுவும் இருக்காது.